மரத்தில் ஏறாத பிள்ளைகள்

குடிக்கிறாளா தூங்குகிறாளா என்றே தெரியவில்லை, வாய் மார்பில்தான் இருக்கிறது, இழுப்பு இல்லை, இப்போது இழுத்தாள், அப்புறம் ஏதோ யோசனை வந்தவள் மாதிரி நிறுத்திக்கொண்டாள், உள்ளங்காலைச் சுண்டினால் முகத்தைச் சுளிக்கிறாள், மறுபடி கொஞ்சம் இழுப்பு, மறுபடி யோசனை. பிறந்து ஒரு வாரம் ஆகாத உனக்கு அப்படி என்னடி யோசனை. எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்கிறாள் அத்தை, மத்தியானப் பால் குடிக்கும்போது கண் சொக்கும் என்கிறாள், சொக்கட்டும், எனக்குச் சொக்கவில்லையே, நான் இவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அறைக் கதவு சாத்தியிருக்கிறது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வரைக்கும் ஹாலுக்கு வரக்கூடாது, மாமாவின் ஏற்பாடு. மாமா என்றால் என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் கஸ்பார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இப்போது என் மாமனாரும் அவர்தான், அவர் மகன் லீனஸைத்தான் நான் கட்டியிருக்கிறேன். லீனஸ் அத்தான் கப்பலில் இருக்கிறார், எந்தக் கடலில் என்று போன வாரம் தெரியும், இந்த வாரம் தெரியாது. அம்மா இருந்திருந்தால் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அதனால் மாமனார் வீடே பிறந்த வீடும். கதவுக்கு அந்தப் பக்கம் மாமா அச்சகத்துத் தொம்மை அண்ணனை உட்கார வைத்துக் குடும்ப மரத்தைப் பிழை பார்க்கிறார். கோயில் திருவிழாவுக்கு முன்னால் குடும்ப மலர் வந்தாக வேண்டும். அதன் நடுப்பக்கத்தில், மடித்துப் பிரிக்கிற பெரிய தாளில், மரம். தொம்மை அண்ணன் குரல் மெதுவாகவே வராது. "அண்ணாச்சி, உங்க மரத்துல ஆம்பளைக மட்டுந்தான் காய்ச்சிருக்காவ." "பொம்பளைக எல்லாம் வேற வீட்டு மரத்துக்குப் போயிருவாளுவ வே." "அந்த வீட்டு மரத்துலயும் இதே கதைதானே? அப்ப பொம்பளைக என்ன அந்தரத்துலயா தொங்குதாளுவ?" மாமா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், சத்தம் வராமல், சிரித்ததில் மார்பு குலுங்கி இவள் ஒரு இழுப்பு இழுத்தாள். சிரித்தால்தான் குடிப்பாய் என்றால் சொல்லடி, ராத்திரி பகலாகச் சிரிக்கிறேன்.

"பிள்ளைக்கு எப்படி இருக்கு, டாக்டரம்மா என்ன சொல்லுதாவ?" இதுவும் தொம்மை அண்ணன்தான். மாமா தாளைப் புரட்டும் சத்தம். "நல்லாத்தான் இருக்கு. அந்த டாக்டரம்மா சும்மா போட்டு நோண்டுதா. மொதப் பிள்ள போனதுனால, குடும்பத்துல இதுக்கு முன்ன சின்னதுலயே பிள்ளைக தவறியிருக்கான்னு கேட்டா. இருந்தா இப்பவே குதிகால்ல ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பணுமாம். பால் குடிக்க ஆரம்பிச்சதும் வர்ற சீக்கு ஏதோ உண்டாம், நேரத்துல கண்டுபிடிச்சா பாலை மாத்திக் காப்பாத்திரலாமாம்." "நீங்க என்ன சொன்னிய?" "எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணு பேருக்குக்கூடக் கிடையாதுன்னேன். நானே கோயில் புத்தகம் பூராத்தையும் தேடிப் பாத்தவன்னேன். அவ அப்பன் வழி எப்படியோ எனக்குத் தெரியாதுன்னேன். அப்ப முந்தினது ஏதோ கிருமியா இருக்கும், பொறுத்துப் பாப்பம்னுட்டா." பிரசவ அறையில் நான் கிடந்தபோது, தையல் போட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே வராந்தாவில் நடந்த பேச்சு இது. எனக்கு யாரும் சொல்லவில்லை. பாலை மாத்திக் காப்பாத்திரலாமாம். மாமா இதை மீன் விலை சொல்வது மாதிரி சொல்கிறார். மூத்தவன், என் மூத்தவன், அவனும் இப்படித்தான் யோசித்தான், இழுத்தான், நிறுத்தினான், நல்ல பிள்ளை, அழவே அழாத பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள், அப்புறம் கை துவண்டது, கண் ஒரு பக்கமாக இழுத்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், பஸ்ஸிலேயே, ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தது பக்கத்துச் சீட்டுக்காரி. அப்போதும் மாமா, கல்லறையிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டே, "உங்கப்பன் வழியில என்ன இருந்துச்சோ" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா ஐஸ் கம்பெனிக்கு மெக்கானிக்காக வந்தவர், உள்நாட்டு ஊர், கடல் தெரியாதவர், எங்கிருந்தோ வந்தவன் என்றுதான் கடைசிவரை அவரை இந்த வீட்டில் சொன்னார்கள். அம்மா போனதும் கொல்லம் பக்கம் வேலை தேடிப் போய்விட்டார். அவர் வழியில் என்னமோ இருந்தது என்று நானும் நம்பினேன், ராத்திரி கண்ணை மூடி அப்பா முகத்தில் அந்தச் சீக்கைத் தேடினேன், தேடவைத்துவிட்டார்களே.

நானே தேடிப் பார்த்தவன் என்கிறார். தேடியது யார்? மாமாவுக்குக் கண்ணில் புரை, பழைய சாய்வெழுத்துப் படிக்க வராது. பங்கு அலுவலகத்தில் சாமியாரிடம் கேட்டு ஞானஸ்நானப் புத்தகம், கல்யாணப் புத்தகம், அடக்கப் புத்தகம் மூன்றையும் பக்கம் பக்கமாகப் போன் கேமராவில் எடுத்தது நான், இவள் வயிற்றில் இருந்தபோது, வயிறு மேஜையில் இடிக்க. கன்னியர் பள்ளியில் கோடு போட்ட நோட்டில் சாய்வெழுத்து எழுதி எழுதி விரல் காய்த்தவள் நான், ஒரு வளைவு கோட்டைத் தாண்டினால் சிஸ்டர் ஸ்கேலால் தட்டுவாள், அந்தத் தட்டு அப்போது உதவியது, நூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரச் சாமியாரின் கையெழுத்து எனக்குப் பக்கத்து பெஞ்சுக்காரியின் கையெழுத்து மாதிரி இருந்தது. லத்தீன் வார்த்தைகள் வந்தால் சின்னச் சாமியாரிடம் கேட்டுக்கொள்வேன், எல்லாம் திரும்பத் திரும்ப வருகிற அதே நாலைந்து வார்த்தைதான். சாயங்காலம் மாமா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வார், நான் வாசிப்பேன். ஞானஸ்நானம் என்றால் "ம்" என்பார். கல்யாணம் என்றால் "ம், யாரு மகன்?" என்பார். அடக்கம் என்று ஆரம்பித்தால் கை அசைப்பார். "இன்ஃபான்ஸ்" என்று வாசித்தேன் ஒரு நாள், கைக்குழந்தை என்று அர்த்தம், பெயர் இருந்தது, அப்பா பெயர் இருந்தது. "அது வேண்டாம், அடுத்தது." அடுத்ததும் இன்ஃபான்ஸ். "எம்மா எஸ்கலின், பிஞ்சுல உதிர்ந்ததை எல்லாம் எழுதினா மரம் தாங்காது. அடுத்த புத்தகம் எடு." நான் அடுத்த புத்தகம் எடுத்தேன். கேட்டிருக்கிறார். காதில் விழுந்திருக்கிறது. கையை அசைத்துத் தள்ளியிருக்கிறார் என்றால் விழுந்ததால்தானே தள்ளினார். அந்தக் காதோடு போய் டாக்டரம்மா முன்னால் நின்று, பேருக்குக்கூடக் கிடையாது என்றிருக்கிறார். பேர் இருந்தது மாமா. நான் வாசித்தேன்.

"இங்க ஒண்ணு தட்டுதே" என்கிறார் தொம்மை அண்ணன், "உங்க தாத்தா சவரிமுத்துக்கு மனைவின்னு மட்டும் போட்டிருக்கு, பேரைக் காணோம்." மாமா தொண்டையைச் செருமுகிறார். "பேரு தவிட்டம்மா. அதைப் போட வேண்டாம். அவ தவிட்டுக்கு வாங்கின பிள்ள, எங்க கிடந்தாளோ யாரு பெத்தாளோ. மலர் அயர்லாந்து வரைக்கும் போகும், நம்ம ஆளுக அங்கயும் இருக்காவ. தவிட்டுக்கு வாங்கினவன்னு எழுதினா சிரிப்பாவ." தவிட்டம்மா என் பூட்டி, அம்மாவுடைய அப்பாவின் தாய். லீனஸ் அத்தானுக்கும் அவளேதான் பூட்டி. அடுக்களையிலிருந்து அத்தை, சலேத் அத்தை, உள்ளூர்க்காரி இல்லை, வடக்கே இருந்து மாமா கட்டிக்கொண்டு வந்தவள், பாத்திரத்தை டங்கென்று வைக்கிற சத்தம். "உங்களுக்கு யாரு வாத்தியார் வேலை குடுத்தா? தவிட்டுக்கு வாங்கினதுன்னா கடையில போயா வாங்குவாவ? எங்க சித்தப்பனுக்கும் தவிட்டான்னுதான் பேரு. அவருக்கு மூத்தது எல்லாம் பிறந்து பிறந்து செத்துச்சு. இதையாவது நிப்பாட்டணும்னு, பெத்த அன்னைக்கே பக்கத்து வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டு, ஒரு படி தவிட்டைக் குடுத்து வாங்கினது. இது எங்க பிள்ள இல்ல, வாங்கின பிள்ளன்னு சாவுக்குப் போக்குக் காட்டுறது. சொந்தத் தாய்தான் வாங்குவா, சொந்தப் பிள்ளையைத்தான் வாங்குவா." "நீ அடுப்பைப் பாரு." "அடுப்பு அது பாட்டுக்கு எரியுது. நீங்க உங்க மரத்தைப் பாருங்க." தொம்மை அண்ணன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மூத்தது எல்லாம் பிறந்து பிறந்து செத்துச்சு. அப்படியென்றால் பூட்டிக்கு முன்னாலும். பூட்டி பெற்றதில் மட்டும் இல்லை, பூட்டியைப் பெற்றவள் பெற்றதிலும்.

போன் தலையணைக்கு அடியில். இவள் தலை வலது கை முட்டிக்குள் இருக்கிறது, இடது கையால் எடுத்தேன், கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் போகிறேன், லீனஸ் அத்தான் அனுப்பிய துறைமுகப் படங்கள், மூத்தவனின் படம், ஒரே ஒரு படம், அதைத் தாண்டு, தாண்டடி, பழுப்புப் பக்கங்கள் வந்துவிட்டன. ஞானஸ்நானப் பக்கம். தவிட்டம்மா என்று அதில் இல்லை, தெரசம்மாள் என்று இருக்கிறது, ஓரத்தில்தான் வேறொரு கை, பென்சிலில், தவிட்டம்மா. பெரிதாக்கினேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த முறையான மகள், லத்தீனில், சாமியார் தெளிவாக எழுதியிருக்கிறார். எங்கே கிடந்தாளோவாம். அப்பன் பெயர் மை மங்காமல் இருக்கிறது, ஆத்தாள் பெயர் இருக்கிறது, மாமா வாசிக்கச் சொல்லாத பக்கத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அடக்கப் பக்கங்களுக்குப் போனேன். அதே அப்பன், அதே ஆத்தாள், இன்ஃபான்ஸ். இன்னொன்று. இன்னொன்று, இதற்குத் தண்ணீர் ஊற்றியவள் மருத்துவச்சி என்று குறிப்பு, சாமியார் வருவதற்குள் போயிருக்கிறது. அப்புறம்தான் தெரசம்மாள், தவிட்டம்மா, வாங்கின பிள்ளை, பிழைத்தாள். கல்யாணப் பக்கம். தவிட்டம்மாவைக் கட்டிய சவரிமுத்து யார்? அவளைப் பெற்றவளின் தம்பி, தாய்மாமன், அதனால் பெயருக்குக் கீழே அந்தச் சின்ன வரி, ஆயரின் விதிவிலக்கு பெற்று. அந்த வரி எனக்குத் தெரியும். ரத்த உறவில் கட்டுவதற்குக் கோயில் கேட்கிற அனுமதி அது, என் கல்யாணத்துக்கும் வாங்கினார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன், அழகாக, சாய்வாக, கோட்டைத் தாண்டாமல். தவிட்டம்மாவைப் பெற்றவர்கள் கல்யாணத்திலும் அதே வரி. தவிட்டம்மா சவரிமுத்து கல்யாணத்துக்குப் பிறகு அடக்கப் புத்தகத்தில் சவரிமுத்து மகன் இன்ஃபான்ஸ், சவரிமுத்து மகள் இன்ஃபான்ஸ், ஒன்றின் ஓரத்தில் வலிப்பு என்று. வலிப்பு. கண் ஒரு பக்கமாக இழுத்ததே. தவிட்டம்மா பெற்றதில் பிழைத்த ஒருவர் மாமாவின் அப்பா, அவர் வெளியூரில் கட்டினார், வரி இல்லை, பிள்ளைகள் எல்லாம் நின்றார்கள், மாமா நின்றார், என் அம்மா நின்றாள். மாமா வடக்கே போய்ச் சலேத் அத்தையைக் கட்டினார், வரி இல்லை, எல்லாம் நின்றன. என் அம்மா எங்கிருந்தோ வந்தவனைக் கட்டினாள், வரி இல்லை, நான் நின்றேன், தங்கச்சி நின்றாள். நான் லீனஸ் அத்தானைக் கட்டினேன், வரி.

அட பாவிகளா. அப்பா வழியாம். அப்பா வந்த இடத்தில்தான் பிள்ளை பிழைத்திருக்கிறது. மாமா, அந்த மெக்கானிக் வராமல் இருந்திருந்தால் என்னையும் யாராவது தவிட்டுக்கு வாங்கியிருப்பார்கள். பூட்டியைப் பெற்ற அந்தப் படிக்காதவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, ஒரு படி தவிட்டைக் கொண்டுபோய்ச் சாவின் கண்ணில் தூவினார்கள், அதையாவது செய்தார்கள், என்னமோ வருகிறது என்று ஒத்துக்கொண்டார்கள், அக்கம்பக்கம் பூராவும் தெரிய ஒத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர், மேடையில் கணீரென்று பேசுகிறவர், கையை அசைத்துவிட்டார். பிஞ்சை விட்டுவிட்டு மரம் வரைகிறார், பெண்ணை விட்டுவிட்டுக் கிளை வரைகிறார். தவிட்டம்மா எத்தனை பெற்றாள், எத்தனை புதைத்தாள், புதைத்துவிட்டு வந்து மார்பில் பால் கட்டி எந்தச் சுவரில் சாய்ந்து கிடந்தாள், எனக்குக் கட்டியதே, பால் வற்றச் சலேத் அத்தை மல்லிகைப் பூ வைத்துக் கட்டினாளே, அவளுக்கு யார் வைத்தார்கள், அவளுக்கு மனைவி என்ற ஒரு சொல், அதுவும் சவரிமுத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்ததால். என் மூத்தவன்? அவன் லீனஸ் அத்தானுக்குக் கீழே இருக்கிறானா? இருக்க மாட்டான். பிஞ்சு. இவள்? இவள் பெண், இருந்தாலும் இல்லை, போனாலும் இல்லை. என்ன நினைத்தேன். போனாலும் என்றா நினைத்தேன். ஏய். ஏய், குடி. உள்ளங்காலைச் சுண்டினேன், சுளிக்கவில்லை. இன்னொரு தரம், நகத்தால். மெல்ல, எங்கிருந்தோ திரும்பி வருகிறவள் மாதிரி, உதட்டை அசைத்தாள், இழுக்கவில்லை, பால் கடைவாயில் வழிந்து என் கையில் இறங்கியது. இவள் கையைத் தூக்கி விட்டேன். விழுந்தது. தூங்குகிற கை இப்படி விழுமா, தூங்குகிற எல்லாக் கையும் விழும், மூத்தவனுடையதும் விழுந்தது, எழுந்திரு எஸ்கலின், யோசித்தது போதும், பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டரம்மா சொன்னது ஒரு பொய்யைக் கேட்டு, அந்தப் பொய்யின் மேல்தான் இந்தப் பிள்ளை படுத்திருக்கிறது.

கதவைத் திறந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மாமா முதலில் என் காலைத்தான் பார்த்தார், நிலைப்படியைத் தாண்டிவிட்டதா என்று. தாண்டிவிட்டது. "ஏட்டி, பச்ச உடம்பு, காத்து படும்" என்று அத்தை ஓடி வந்தாள். "ஆட்டோ வேணும் அத்தை. டாக்டரம்மாகிட்டப் போகணும். பிள்ள சோருது." மாமா எழுந்து நின்றார். "சோரலை, தூங்குது. சாயங்காலம் வெயில் தாழட்டும்." "குடும்பத்துல பிள்ளைக போகலைன்னு ஏன் சொன்னீங்க மாமா?" தொம்மை அண்ணன் தாளை மடிக்க ஆரம்பித்தார், எங்கே மடிப்பது என்று தெரியாமல். மாமாவின் குரல் இறங்கிவிட்டது, பள்ளிக்கூடத்தில் பெற்றோரிடம் பேசுகிற குரல். "எஸ்கலின், ப்ரின்சிக்குப் பேச்சு நடக்கு. அந்த டாக்டரம்மா இந்த ஊருக்கே பாக்குதா. நம்ம வீட்டுல பிறக்குறது நிக்காதுன்னு ஒரு பேச்சு கிளம்பினா எம்மவளை எவன் கட்டுவான்? உனக்கு நாத்தி இல்லையா அவ?" "ப்ரின்சியை வெளியில குடுங்க மாமா, ஒண்ணும் ஆகாது. உங்க பிள்ளைக எல்லாம் நின்னது அத்தை வெளியூர்க்காரிங்கிறதால. எம்பிள்ள போனது நான் உங்க வீட்டுக்காரிங்கிறதால. எங்கப்பா வழி இல்ல. உங்க வழி. எங்கம்மா வழி. ரெண்டும் ஒரே வழி. நான்தானே வாசிச்சேன், நீங்கதானே கேட்டீங்க?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அத்தை மாமாவைப் பார்த்தாள். "டாக்டரம்மா ரத்தம் எடுக்கணும்னு கேட்டாளா?" மாமா தொம்மை அண்ணன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "என்னங்க. கேட்டாளா?" "கேட்டா. ஆனா..." "என் பேரனைப் பொதிஞ்சு தூக்கிட்டுப் போனவ நான். எங்கிட்டச் சொல்லணும்னு தோணலை உங்களுக்கு." அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையால் இவள் தலையை மூடினாள், வாசலில் செருப்பைக் காலால் தேடினாள், "தொம்மை, மரத்தை அப்புறம் மடிக்கலாம், ஓடிப்போய் ஆட்டோவை நிப்பாட்டும்" என்றாள்.

ஆட்டோவில் அத்தை இவள் காதில் பேசிக்கொண்டே வந்தாள், ஏட்டி எந்திரி, ஏட்டி கள்ளி, ஊரைப் பாரு, உங்க தாத்தாவைப் பாரு எப்படி நிக்காருன்னு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரோடு முழுக்கக் குழி, ஒவ்வொரு குழியிலும் எனக்குத் தையல் பிய்ந்தது, ஒவ்வொரு குழியிலும் இவள் முகம் சுளித்தாள், சுளிக்கச் சுளிக்க நான் குழிக்கு நன்றி சொன்னேன். டாக்டரம்மா கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், கையைத் தூக்கி விட்டுப் பார்த்தாள், நான் செய்தது போலவே, அப்புறம் முகம் மாறி நர்ஸைக் கூப்பிட்டாள், பாலை நிறுத்தச் சொன்னாள், கையில் ஊசி போட்டுச் சொட்டு நீர் ஏற்றச் சொன்னாள், குதிகாலைப் பிடித்துக் குத்தினாள். ஒரு கணம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு கணத்தில் நான் இல்லை. பிறகு இவள் வாயைத் திறந்தாள், அழுகை இல்லை அது, திட்டு, உடம்பு முழுக்கச் சிவந்து, கோபத்தில் தாடை ஆட, அந்த அறையில் இருந்த எல்லாரையும் பிடித்துத் திட்டினாள், அத்தை "திட்டு, நல்லா திட்டு" என்று வாய்விட்டு அழுதாள். ரத்தத்தை அட்டையில் ஒற்றி எடுத்தார்கள், முடிவு வர நாளாகும், அதுவரை தாய்ப்பால் வேண்டாம், நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள், ஆனால் எதையும் இப்போது சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள், குரலில் கடுமை. "குடும்பத்துல யாருக்கும் இப்படி ஆகலைன்னு சொன்னீங்களே. படிச்ச பொண்ணு மாதிரி இருக்கீங்க, முதல்லயே சொல்லியிருக்க வேண்டாமா?" "நீங்க எங்கிட்டக் கேக்கலையே டாக்டர்." அவள் கை அப்படியே நின்றது. சுவரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பேனா மூடியைக் கழற்றினாள். "சரி. இப்பக் கேக்குறேன். சொல்லுங்க." நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நிறைய பேர் இருக்காங்க டாக்டர்," என்றேன், "கொஞ்சம் பெரிய தாளா எடுங்க."